ரஃபி பாயின் டிஸ்க்கில் போய் உட்கார்ந்த பூட்லோடர்

ஒரு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு டிஸ்க் இருக்கிறது. இன்னொரு டிஸ்க்கைக் கொண்டுவந்து சொருகி, அதில் புதிதாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றுகிறோம். அந்தப் புது சிஸ்டம் தன் பூட்லோடரை எந்த டிஸ்க்கில் வைக்க வேண்டும்?

எங்கள் தெரு ஹுமேரா அக்கா இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி எங்கள் வீட்டுப் படியேறி வந்தாள். நான் விழித்தேன். பதிலை அவளேதான் பிறகு கண்டுபிடித்தாள். அதை மட்டும் சொல்வதென்றால் இரண்டு வரி போதும். ஆனால் அது எப்படிக் கிடைத்தது என்று தெரியாதவர்கள் அவள் இடறிய இடத்திலேயே போய் இடறுகிறார்கள். அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு சந்தின் கடைசியில் ரஃபி அகமதுவின் யூனிட் இருக்கிறது. எல்லோருக்கும் அவர் ரஃபி பாய். பெரிய ஷூ கம்பெனிகளிடம் வேலை வாங்கிச் செய்துகொடுக்கும் சின்ன இடம். கூடத்தில் நீள மேஜைகள். ஷூவின் மேல்பகுதிக்காக வெட்டிய தோல் துண்டுகளின் ஓரத்தில் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, மடித்து, சுத்தியலால் தட்டி ஒட்டுவார்கள். அதற்கு ஃபோல்டிங் என்று பெயர். கூடத்தின் மூலையில் கண்ணாடி வைத்த ஓர் அறை. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர். கம்பெனி ஒரே சைஸில் கொடுக்கும் டிசைனை எல்லா சைஸுக்கும் வரைந்து கொடுப்பது அந்த அறையின் வேலை.

ஹுமேரா ஃபோல்டிங் மேஜையில் இருந்தாள். அப்பா ஜான் பாஷா தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டியவர். அவள் பிளஸ் டூ முடித்த கையோடு ஷூ கம்பெனி வேனில் ஏறினாள். கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டுக்குப் பக்கம் என்று ரஃபி பாயிடம் வந்து சேர்ந்தாள். கை துண்டுகளை மடித்துக்கொண்டிருக்கும்; கண் கண்ணாடி அறைக்குப் போய்வந்துகொண்டிருக்கும். கணவன் சமீருல்லா லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஓர் ஆபீஸில் கழித்துப் போட்ட லேப்டாப் ஒன்றை அவன் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். விண்டோஸை வைத்துக்கொண்டு அது நகரவே இல்லை. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அதில் லினக்ஸ் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினாள் ஹுமேரா. அதோடு இலவசமாக வந்த வரைபட மென்பொருளில் ஷூ டிசைன்களை வரைந்து பழகினாள். கிழிந்த செருப்பின் வார் முதல் மாமியாரின் சப்பல் வரை அளவெடுத்துச் சைஸ் மாற்றிப் பார்த்தாயிற்று. அந்த லேப்டாப்பில் இருந்தது ஒரே டிஸ்க். பூட்லோடர் எங்கே போகிறது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

பூட்லோடர் என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் விழித்துக்கொண்டு, தூங்கும் சிஸ்டத்தைத் தட்டி எழுப்புகிற சின்ன நிரல் அது. அது எழுப்பாவிட்டால் டிஸ்க் நிறைய எதை வைத்திருந்தாலும் பயனில்லை.

கண்ணாடி அறையில் இருந்த ஆள் ஓசூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். ரஃபி பாயே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஹுமேரா போய்க் கேட்டாள். பார்க்கலாம் என்றார். மறுபடி கேட்டாள். ரம்ஜான் முடியட்டும் என்றார். ரம்ஜான் முடிந்தது, பக்ரீத் வரட்டும் என்றார். பக்கத்து மேஜையில் உட்காரும் பூங்குழலி நாட்றம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வாய் சும்மா இருக்காது. பாய் ஆண்டு முழுக்கப் பண்டிகை வைத்திருக்கிறார், நீ கிழவியாகித்தான் அந்த ரூமுக்குள் போவாய் என்றாள்.

பாய் மோசமானவர் இல்லை. யூனிட்டில் எது தொடங்கினாலும் தன் கையால் தொடங்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம். காலையில் மெயின் ஸ்விட்சை அவர்தான் போட வேண்டும். பிஸ்மில்லா சொல்லி அவர் போட்ட பிறகுதான் மற்றவர்கள் மிஷினைத் தொடுவார்கள். அவர் வரத் தாமதமானால் ஃபேன் கூட ஓடாது. எல்லோரும் துப்பட்டாவால், முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நல்ல வேளை, சூரியனுக்கு ஸ்விட்ச் வைக்கவில்லை என்பாள் பூங்குழலி. ஆனால் யாரும் அந்த ஸ்விட்சைத் தொட்டதில்லை. ஹுமேராவும்தான். தொடக்கம் முதலாளியுடையது என்பது அங்கே எல்லோருக்கும் ஊறிப்போன விஷயம்.

யூனிட்டின் டிசைன் வேலைக்கு அப்போது வாடிக்கையாக இருந்தது பைபாஸ் பக்கம் உள்ள ஒரு கம்பெனி. பேரணாம்பட்டு ரோட்டில் உள்ள இன்னொரு கம்பெனியும் வேலை தரலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கம்பெனியும் ஒரே வெளிநாட்டுக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவை; ஒருவர் டிசைனை மற்றவர் பார்த்துவிட்டால் அந்த சீசனே போச்சு. அதனால் பேரணாம்பட்டு கம்பெனியின் சாம்பிள் பிரிவைப் பார்க்கும் சூரியபிரகாஷ் வந்து, ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். டிசைன் எங்கள் டிஸ்க்கில் வரும், எங்கள் டிஸ்க்கிலேயே திரும்பிப் போக வேண்டும். உங்கள் மிஷினில் எங்களுடையது எதுவும் தங்கக் கூடாது.

அதற்கென்ன என்று ரஃபி பாய் சொல்லிவிட்டார். எப்படி என்று சூரியபிரகாஷ் கேட்டார். சொல்யூஷன் டின் எடுக்க வந்த ஹுமேரா கதவருகே நின்றுவிட்டாள்.

“பாய், டிஸ்க்லயே ஒரு சிஸ்டம் போட்டுட்டா போதும். கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்லேந்தே ஓடும். வரையறது, சேவ் பண்றது எல்லாம் அதுக்குள்ளயே. கழட்டி எடுத்தா எல்லாம் அதோட போய்டும். இங்க ஒன்னும் தங்காது.”

சூரியபிரகாஷ் அவளை ஏறிட்டுப் பார்த்தார். முதலில் செய்து காட்டுங்கள், பார்த்துவிட்டு வேலை தருகிறேன் என்று கிளம்பினார். அவர் பைக் சந்து திரும்பியதும் பாய் ஹுமேராவைக் கூப்பிட்டார்.

“செஞ்சு காட்டுமா. ஆச்சுன்னா அந்த ரூம் உன்னுது. ஆகலேன்னா ஃபோல்டிங்க விட்டு எழுந்திரிக்கக் கூடாது. ரூம் பேச்சே எடுக்கக் கூடாது. சரியா?”

சரி என்றாள். யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் சொன்ன பிறகு பின்வாங்கவும் நினைக்கவில்லை.

பாய் சொன்னதும் பைபாஸ் கம்பெனிக்கும் இந்த யோசனை பிடித்துப்போய், புது டிஸ்க் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அதில்தான் முதலில் ஏற்றினாள். பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றும்போது திரையில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வரும். எந்த டிஸ்க்கில் சிஸ்டம் போக வேண்டும் என்று கேட்டது; பைபாஸ் கம்பெனி டிஸ்க்கைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தாள். அதே திரையின் அடியில் இன்னொரு கட்டம் இருந்தது. பூட்லோடர் எந்த டிஸ்க்கில் போக வேண்டும் என்று அதில் கேட்டிருந்தது. பதிலும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது: கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரஃபி பாயின் டிஸ்க்.

அவள் அதைப் படிக்காமல் விடவில்லை. படித்தாள், யோசித்தாள். மிஷின் பாயுடையது. அதை ஆரம்பித்து வைக்கிற விஷயம் பாயின் டிஸ்க்கில் இருப்பதுதானே முறை? நேற்று வந்த டிஸ்க், பாய் மிஷினைத் தானே தொடங்கி வைப்பதாவது! மனசுக்குச் சரியாகப் பட்டது. அப்படியே விட்டுவிட்டாள்.

எல்லாம் அழகாக ஓடியது. டிஸ்க்கைச் சொருகி ஆன் செய்தால் லினக்ஸ் வந்தது. பைபாஸ் கம்பெனியின் டிசைனை எல்லா சைஸுக்கும் வரைந்து முடித்தாள். அவர்கள் ஆள் வந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனான். பாய் கண்ணாடி அறையைத் துடைக்கச் சொன்னார். பூங்குழலி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு, இனி இந்தப் பக்கம் வர அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டுமோ என்று கேட்டாள்.

மறுநாள் காலை சூரியபிரகாஷ் தன் டிஸ்க்கோடு வந்தார். பாய் மெயின் ஸ்விட்சைப் போட்டார், டீ சொன்னார், கம்ப்யூட்டரையும் தன் கையாலேயே ஆன் செய்தார். விண்டோஸ் வர வேண்டிய இடத்தில் திரை கறுப்பாக நின்றது. மேலே ஒரு மூலையில் க்ரப் என்று லினக்ஸ் பூட்லோடரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே கறுப்பு.

கரண்ட் கம்மி, காலையில் இப்படித்தான், ஒன்றுமில்லை சார் என்றார் பாய். ஹுமேரா எழுந்து வந்தாள். மிஷின் விழிக்கும்போதே ஒரு விசையை அழுத்தி, எந்த சிஸ்டம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலை வரவழைத்தாள். அதில் விண்டோஸைத் தொட்டதும் வழக்கமான திரை வந்துவிட்டது. பாய் பெருமூச்சு விட்டு, டீ ஆறுகிறது சார் என்றார்.

சூரியபிரகாஷ் டீயைத் தொடவில்லை. முதலில் வந்த கறுப்புத் திரை என்ன என்று கேட்டார். பாய் ஹுமேராவைப் பார்த்தார். கரண்ட் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த ஆளுக்கு லினக்ஸ் தெரியாது. ஆனால் அவருக்குச் செய்துகொடுத்த பிறகு, அவர் டிஸ்க்கைக் கழற்றிப் போன மறுநாளும் இதே கறுப்புதான் வரும் என்று ஹுமேராவுக்குப் புரிந்துவிட்டது.

“பைபாஸ் கம்பெனி டிஸ்க்ல போட்ட சிஸ்டம் சார் அது. டிஸ்க் போய்ட்டுது. அத எழுப்புறது மட்டும் இங்க, பாய் டிஸ்க்ல தங்கிடுச்சு. அது தன்னோட டிஸ்க்க தேடிட்டு நிக்குது.”

“அப்ப நாளைக்கு எங்க டிஸ்க் போனாலும் எங்களது கொஞ்சம் இங்க தங்கும்.”

“டிசைன் தங்காது சார்.”

“ஒன்னும் தங்காதுன்னுதானே சொன்னீங்க?”

 அடுத்த வாரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வேறு வேலையாக வருவேன், அதற்குள் சரியானால் காட்டுங்கள், இல்லையென்றால் ராணிப்பேட்டையில் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மதியம் பைபாஸ் கம்பெனியிலிருந்து போன். நீங்கள் கொடுத்த டிஸ்க் எங்கள் கம்ப்யூட்டரில் சொருகினால் எழவே இல்லை என்றார்கள். எழுப்புகிற ஆள் ஆம்பூர் சந்தில் உட்கார்ந்திருக்க, டிஸ்க் பைபாஸில் எப்படி எழும்? டிஸ்க் இல்லாமல் பாய் மிஷின் நிற்கிறது. பாய் மிஷின் இல்லாமல் டிஸ்க் நிற்கிறது. ஒரே தப்பு இரண்டு இடத்தையும் நிறுத்திவிட்டது.

பாய் கத்தவில்லை. கரண்ட் என்று நான் சொல்லும்போது நீ எதற்கு வாயைத் திறந்தாய் என்று மட்டும் கேட்டார். பிறகு ஃபோல்டிங் மேஜையைக் கையால் காட்டினார். ஹுமேரா போய் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து மடித்துத் தட்டினாள்.

“அடுத்த வாரம்தானே வர்றேன்னாரு?” என்றாள் பூங்குழலியிடம். “இன்னும் நாள் இருக்குது.”

“பாய் உன்ன ரூம் பேச்சே எடுக்கக் கூடாதுன்னாரு.”

“ஆகலேன்னாதான்னு சொன்னாரு. இன்னும் ஆகலேன்னு ஆகல.”

அன்று மாலைதான் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் தலையைச் சொறிந்ததும் வீட்டுக்குப் போய்த் தானே தேட ஆரம்பித்தாள். ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுப்புகிறது அந்த சிஸ்டத்தோடு ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும், அப்போதுதான் எடுத்துக்கொண்டு போகலாம் என்று படித்தாள். திரையின் அடியில் இருந்த கட்டத்தில் டிஸ்க்கை மாற்றாமல் விட்டதுதான் தப்பு என்று முடிவு செய்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரைத் தொட பாயிடம் கெஞ்சி அனுமதி வாங்கினாள். பேரணாம்பட்டு வேலையை விட அவருக்கும் மனமில்லை. முதல் தடவை தங்கியது குறுக்கே வராதபடி, எழும் வரிசையில் விண்டோஸை முதலில் வைத்தாள். ஒரு பழைய லேப்டாப் டிஸ்க்கை உறையில் போட்டு யூஎஸ்பியில் சொருகினாள். இந்த முறை அடிக்கட்டத்தில் பாயின் டிஸ்க்கை எடுத்துவிட்டு, தான் சொருகிய டிஸ்க்கையே பூட்லோடருக்கும் கொடுத்தாள். இரண்டு முறை சரிபார்த்தாள். ஏற்றி முடித்து, டிஸ்க்கைக் கழற்றி, மிஷினை ஆன் செய்தாள்.

கறுப்புத் திரை. க்ரப். மின்னும் கோடு.

சோற்றுக் கை காயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை அவளாக விட்டது. இந்தத் தடவை சொல்லியும் அது கேட்கவில்லை. மறுபடி தேடியபோது விஷயம் தெரிந்தது. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில், எழுப்புகிற நிரல்களை வைப்பதற்கென்றே டிஸ்க்கில் ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கியிருப்பார்கள். பாயின் டிஸ்க்கில் அது இருந்தது. அவள் கொண்டுவந்த டிஸ்க்கில் இல்லை. சில லினக்ஸ்கள் ஏறும்போது, நாம் எந்த டிஸ்க்கைச் சொன்னாலும், கண்ணில் முதலில் படும் அந்தச் சின்னப் பகுதிக்குள் போய் உட்கார்ந்துவிடும். பல நாடுகளில் பலர் இதைப் பற்றி எழுதிப் புலம்பியிருந்தார்கள். அதைப் படித்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் வழி?

கூடத்தில் பூங்குழலி ஒரு லாட்டை, அதாவது ஒரு கம்பெனியின் சரக்கை, முடித்து, மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹுமேரா அடுத்த கம்பெனியின் துண்டுகளை எடுத்துவந்து வைக்கப் போனாள். பூங்குழலி கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள். பழைய லாட்டின் துண்டுகள் இன்னும் ஓரத்தில் கிடந்தன. இரண்டும் கறுப்புத் தோல், ஒரே மாதிரி வளைவு. கலந்துவிட்டால் பிரிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் ஒரு கம்பெனி சரக்கை முழுக்க எடுத்துவிட்டுத்தான் அடுத்ததை மேஜையில் வைப்பார்கள்.

“இன்னாடீ பேஜாரு இது. ரெண்டு பேரு பீசையும் ஒரே மேஜைல கொட்டிட்டு, மாறக் கூடாதுன்னா எப்படி? முதல்ல அத எடு.”

ஹுமேரா துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு அவற்றைப் பூங்குழலியின் மடியில் போட்டுவிட்டு நேராகப் பாயிடம் போனாள். பாயின் டிஸ்க் அங்கே இருப்பதால்தானே அது அதைத் தேடிப் போகிறது? ஏற்றுகிற நேரத்துக்கு அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டால்? போவதற்கு வேறு இடமே இருக்காது.

“கம்ப்யூட்டர் பெட்டியத் தொறக்கணும் பாய். உள்ள உங்க டிஸ்க்குக்கு வர்ற கேபிள கொஞ்ச நேரம் கழட்டி வெக்கணும்.”

பாய் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். அந்தப் பெட்டி வாங்கியதிலிருந்து யாரும் திறந்ததில்லை. வேலை நேரத்தில் நடக்காது என்றார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு எல்லோரும் போகும் இடைவேளையில் செய்கிறேன் என்றாள். அப்போது மெயினை அணைத்துவிட்டுத்தானே போவேன், நான் இல்லாமல் யாரும் போடக் கூடாது என்றார். அதற்கும் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

“நான் போடல பாய். நீங்க காலைல போட்டதுதான். அணைக்காம போங்க, அவ்ளோதான்.”

பாய் சிரித்துவிட்டார். ஷட்டருக்கு அருகே போய்த் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மெயினை ஒருதரம் பார்த்துவிட்டு, தொடாமல் போனார்.

பூங்குழலி ஸ்டூலில் உட்கார்ந்தாள், துணைக்கு. ஹுமேரா கம்ப்யூட்டரை அணைத்து, பின்பக்கத்து ஒயரையும் உருவிவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே தோல் தூசி படிந்து கிடந்தது. பாயின் டிஸ்க்குக்குப் போகும் கேபிளை மெல்ல அசைத்து இழுத்தாள். வந்துவிட்டது. ஒயரைச் சொருகி ஆன் செய்து, புதிதாக ஏற்ற ஆரம்பித்தாள். இந்தத் தடவை திரையில் ஒரே ஒரு டிஸ்க்தான் தெரிந்தது. எழுப்புகிற நிரலுக்கான அந்தச் சின்னப் பகுதியையும் லினக்ஸ் அதே டிஸ்க்கில் தானே ஒதுக்கிக்கொண்டது.

ஏறி முடிந்தது, டிஸ்க் தன்னாலேயே எழுந்தது. அத்தோடு வேலை முடியவில்லை. முன்பு இரண்டு தடவை ஏற்றியதன் மிச்சம் பாயின் டிஸ்க்கில் இன்னும் கிடந்தது. அதை எடுக்காவிட்டால் கறுப்புத் திரை போகாது. கேபிளைத் திரும்ப மாட்டினாள். பாயின் டிஸ்க்கில் அந்தச் சின்னப் பகுதியைத் திறந்தால், விண்டோஸை எழுப்புகிற ஃபோல்டரும் லினக்ஸை எழுப்புகிற ஃபோல்டரும் அடுத்தடுத்து இருந்தன. தப்பானதை அழித்தால் பாயின் மிஷின் இனி எழாது. பாய் தொழுதுவிட்டு வரும் நேரம். அவசரப்படவில்லை. அந்தப் பகுதி முழுவதையும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைத்தாள். பெயரை வாய்விட்டுப் படித்தாள். பூங்குழலியையும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னாள். இருவரும் ஒன்றையே சொன்னார்கள். லினக்ஸ் ஃபோல்டரை அழித்தாள். எது முதலில் விழிக்க வேண்டும் என்கிற வரிசையில் விண்டோஸை மறுபடி மேலே கொண்டுவந்தாள்.

கம்ப்யூட்டரை உடனே ஆன் செய்து பார்க்கத் துடித்தது. ஆனால் பாய் வரும் வரை காத்திருந்தாள். அவரே பொத்தானை அழுத்தினார். விண்டோஸ் வந்தது. ஷுக்கர் என்று அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, தகட்டை முதலில் மாட்டு என்றார்.

அடுத்த வாரம் சூரியபிரகாஷ் வந்தார். அவர் டிஸ்க்கிலும் இதே முறையில், கேபிளைக் கழற்றி வைத்து, அவர் கண் முன்னாலேயே ஏற்றினாள். பிறகு கேபிளை மாட்டி, அவர் டிஸ்க்கிலிருந்து மிஷினை எழுப்பி, ஒரு டிசைனை வரைந்து காட்டினாள். கழற்றிக் கையில் கொடுத்தாள். பாயின் மிஷின் தானாக விண்டோஸில் எழுந்தது. சூரியபிரகாஷ் அதோடு விடவில்லை. பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்து அந்த டிஸ்க்கைச் சொருகினார். ஹுமேரா எந்த விசை என்று சொன்னாள், அவரே அழுத்தினார். அங்கேயும் எழுந்தது. சற்றுமுன் வரைந்த டிசைன் அதில் இருந்தது.

“இப்ப சொல்லுங்க. இந்த மிஷின்ல ஒன்னும் தங்கலையா?”

ரஃபி பாய் ஒன்றும் தங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஹுமேரா முந்திக்கொண்டாள்.

“பேர் ஒன்னு தங்கும் சார். எந்த சிஸ்டத்த எழுப்பினோம்னு கம்ப்யூட்டரோட போர்டு ஒரு பேர ஞாபகம் வெச்சுக்கும். டிசைன் இல்ல, வெறும் லினக்ஸோட பேரு. அதையும் ஒவ்வொரு தடவையும் நான் எடுத்துடறேன். எங்க இருக்குதுன்னு காட்டறேன், பாருங்க.”

காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவள் அந்தப் பெயரை எடுத்துவிட்டாள். போன தடவை போல அவர் எதுவும் குத்திப் பேசவில்லை, பாராட்டவும் இல்லை. பாயைப் பார்த்து, முதலில் ஒரு டிசைன் அனுப்புகிறேன், சீசன் முழுக்கத் தருவதைப் பிறகு பார்க்கலாம் என்றார். கிளம்பும்போது டிஸ்க்கை ஹுமேராவின் முன்னால் வைத்தார்.

“இத தொடறது இவங்க மட்டும் பாய். கரண்ட் கம்மின்னு சொல்றவங்க தொட வேணாம்.”

பாய் சிரித்துச் சமாளித்தார். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். ரூம் உன்னுதுதான், ஆனால் இந்த லாட் முடியும் வரை மதியத்துக்கு மேல் ஃபோல்டிங்கில் உட்கார் என்றார் ஹுமேராவிடம். கூடத்தில் சுத்தியல்கள் நின்றன.

“ஆச்சுன்னா ரூம் என்னுதுன்னு சொன்னீங்க பாய். பாதி நாளுக்குன்னு சொல்லல.”

அவள் குரலை உயர்த்தவில்லை. இடத்தை விட்டு நகரவும் இல்லை.  பாய் கூடத்தின் பக்கம் திரும்பி, மேஜைக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று பூங்குழலியிடம் சொன்னார். வாய் ஜாஸ்தியில்லாத ஆளாகப் பாருங்கள், இங்கே ஏற்கெனவே நான் இருக்கிறேன் என்றாள் பூங்குழலி. ஹுமேரா கையில் ஒட்டியிருந்த சொல்யூஷனை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பைபாஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, டிஸ்க்கைத் திருப்பி அனுப்புங்கள், தப்பு என் பக்கம், சரிசெய்து தருகிறேன் என்று சொன்னதுதான் அங்கே அவள் செய்த முதல் வேலை.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில், ஆபீஸில், பிரவுசிங் சென்டரில் யாராவது அடுத்தவர் கம்ப்யூட்டரில் தன் டிஸ்க்கைச் சொருகி, புது சிஸ்டம் ஏற்றப் போகிறேன் என்று கிளம்பினால், அவர் ஆன் செய்வதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். எழுப்புகிறது, தான் எழுப்பும் சிஸ்டம் இருக்கிற டிஸ்க்கிலேயே இருக்கட்டும். மற்ற டிஸ்க்கை அந்த நேரத்துக்கு எடுத்து வையுங்கள் என்று சொல்லுங்கள். அவர் சரி என்று தலையாட்டினால், அவருக்குத் தெரிந்த இன்னொருவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.